மறைந்தவரின் மெட்டுகள்

(‘பாகீஸா’ பிறந்த கதை – 6)

1964ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் மீனா குமாரி தம் கணவர் கமால் அம்ரோஹியின் இல்லத்தை விட்டு வெளியேறியதையும், அதோடு ‘பாகீஸா’வின் படப்பிடிப்பு நின்று, அதுவரை எடுத்த சுருள்களெல்லாம் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்ததையும் சென்ற வாரம் கண்டோம்.

இந்த வாரம் நம்மோடு சேர்ந்துகொள்ளும் வாசகருக்காக முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1952இல் ஊரறியாமல் விவாகம் செய்துகொண்ட அவ்விருவரும், ‘ஆஸாத்’ படத்தின் பொருட்டு மீனா குமாரி தென்னாட்டுக்கு வந்திருந்த காலத்தில், நாட்டியத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒரு லக்னோ நங்கையின் கதையைப் பேசத் தொடங்கினார்கள் என்பர். அந்த ‘ஆஸாத்’ வேறொன்றுமில்லை, நம் ‘மலைக்கள்ளன்’தான். கோயமுத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு அதை ஹிந்தியில் எடுத்துக்கொண்டிருந்தார்.

1956இல் ‘பாகீஸா’ ஆரம்பமாயிற்று. முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு வர்ணம், அதன் பிறகு சினிமாஸ்கோப் என்று புதுமை ஒவ்வொன்றும் வந்து வாசலில் நின்றபோதெல்லாம், அம்ரோஹி பழையதை ஒதுக்கிவிட்டு மறுபடியும் எடுக்கத் தலைப்பட்டார். கதாநாயகனாக நியமிக்கப்பட்ட அசோக் குமார் கதாநாயகியின் தகப்பனாராக வேஷம் மாறும் அளவுக்குக் காலம் ஓடிற்று. அந்த ஓட்டத்தினிடையேதான் குடும்பமும் பிளந்தது, படமும் நின்றது.

* * *

ஒரு படம் தாமதப்பட்டால் பணத்துக்கு நேரும் நஷ்டத்தை எத்தனையோ பேர் கணக்குப் பார்க்கிறார்கள்; மனிதருக்கு நேரும் நஷ்டத்தை எழுதிவைக்கப் பட முதலாளிகளின் பேரேட்டில் பக்கம் கிடையாது.

‘பாகீஸா’ பெட்டிக்குள் உறங்கிய வருஷங்களில் அதன் இரண்டு தூண்கள் சாய்ந்தன.

முதலாவது, ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங். ஜெர்மனியிலிருந்து 1925இல் ‘லைட் ஆஃப் ஏசியா’ என்னும் மௌனப் படத்துக்காக இந்நாட்டில் அடியெடுத்து வைத்து, பின்னர் பம்பாய் டாக்கீஸில் நிலைத்து, உலக யுத்தத்தின்போது ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக முகாமில் அடைபட்டு, வெளியே வந்ததும் மறுபடியும் காமிராவைத் தேடிப் போன மனிதர் அவர். 1949இல் ‘மஹல்’ படத்தில் அம்ரோஹியின் கற்பனைக்கு நிழலையும் நிலவையும் கொடுத்தவரும் அவரே. 1967ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர் காலமானார். அதன் பிறகு அந்தப் படத்தில் காமிராவைத் தொட்டவர்கள் பலர். அத்தனை பேரும் இறந்துபோன ஒருவருடைய கண்ணால் பார்க்கப் பழக வேண்டியதாயிற்று.

இரண்டாவது நஷ்டம் அடுத்த வருஷம் நேர்ந்தது. 1968 மார்ச் 17ஆம் தேதி இசையமைப்பாளர் குலாம் முகம்மது மறைந்தார்.

இந்த வாரத்துக் கதை அவருடையது.

* * *

குலாம் முகம்மது என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர்களில் பலருக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. ஹிந்திப் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கும் வடநாட்டு ரசிகரிடம் கேட்டாலும் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான், “பாகீஸாவுக்கு இசை போட்டவரல்லவா?” என்பார். முப்பது வருஷ காலம் திரை இசைக்கென்றே உழைத்த ஒருவரின் கீர்த்தி, அவர் கண்ணால் காணாத ஒரே படத்தின்மீது ஏறி உட்கார்ந்திருப்பது விசித்திரமானதுதான்.

ராஜஸ்தானத்துப் பிகானீரில் 1903இல் பிறந்தவர் அவர். தபேலாவிலும் டோலக்கிலும் அபாரத் தேர்ச்சி பெற்றவர். மண்பானையையும் டஃப் என்னும் தோல் வாத்தியத்தையும் திரையிசைக்குள் கொணர்ந்து, நாட்டுப்புறத்துத் துள்ளலை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுத்தியவர்களில் அவருக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு. 1940களில் நௌஷாத் என்னும் இளைஞர் பம்பாயில் மளமளவென்று புகழேணியில் ஏறியபோது, அவருடைய வாத்தியக் கோஷ்டியைக் கட்டி மேய்த்துத் தாளத்தின் பாரத்தைச் சுமந்த உதவியாளர் இவரே. நௌஷாத் 1919இல் பிறந்தவர். ஆகவே உதவியாளர் தம் எஜமானரைவிடப் பதினாறு வயது மூத்தவர். சினிமா உலகில் வயதுக்கு மரியாதை உண்டே தவிர, வயதைக் கொண்டு வரிசை வைப்பதில்லை.

தனித்து நின்றும் அவர் படங்களுக்கு இசையமைத்தார். ‘ஷாயர்’, ‘பர்தேஸ்’ முதலிய படங்களுக்குப் பிறகு, 1954இல் சோராப் மோதி எடுத்த ‘மிர்ஸா காலிப்’ வந்தது. உருதுக் கவிதையின் சிகரமாகிய காலிபின் கஜல்களை, சொல்லின் கம்பீரம் குன்றாமலும் பாமரரின் செவிக்கு அந்நியமாகாமலும் சுரையாவின் சாரீரத்தில் ஏற்றுவது எளிதன்று. அதை அவர் சாதித்தார். அப்படத்துக்கு ராஷ்டிரபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பதக்கத்தைத் தொடர்ந்து பட முதலாளிகள் வாசலில் வரிசையாக நின்றிருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சங்கர்–ஜெய்கிஷன் ஜோடியின் பெரிய வாத்திய கோஷ்டியும், ஓ.பி. நய்யாரின் குதிரைக் குளம்புத் தாளமும் நாட்டைப் பிடித்தாட்டிய காலம் அது. மெல்லப் பேசும் ஒரு கலைஞருக்கு அந்தக் கூச்சலில் இடம் சுருங்கிக்கொண்டே போயிற்று. அத்தகைய வேளையில்தான் கமால் அம்ரோஹி அவரை அழைத்து, நாட்டியக்காரியின் இல்லத்தையே களமாகக் கொண்ட, அதாவது இசையை அலங்காரமாக அல்லாமல் கதையின் உயிர்மூச்சாகவே கொண்ட ஒரு படத்தை அவர் கையில் ஒப்படைத்தார்.

அவர் தம்மிடமிருந்த எல்லாவற்றையும் அதில் கொட்டினார் என்று சொல்வது மிகையாகாது. படத்தில் இடம்பெற்ற பாடல்கள் போக மீந்தவையே தனியொரு இசைத்தட்டை நிரப்பும் அளவுக்கு இருந்தன. பின்னாளில், 1977இல், அவை அவ்வாறே தனித் தட்டாகவும் வெளிவந்தன. லதா மங்கேஷ்கர் பாடினார்; மஜ்ரூஹ் சுல்தான்புரி, கைஃபி ஆஸ்மி, கைஃப் போபாலி ஆகிய கவிகள் எழுதினார்கள்; ‘மௌசம் ஹை ஆஷிகானா’ என்ற பாட்டை அம்ரோஹியே எழுதினார். பாட்டுகள் தயார். படம்தான் இல்லை.

இப்படி, தம் வாழ்நாளின் தலைசிறந்த சிருஷ்டியை ஒலிப்பதிவு நாடாவில் பூட்டி வைத்துவிட்டு, அது ஒரு கொட்டகையிலேனும் ஒலிக்கக் கேளாமலே குலாம் முகம்மது கண்மூடினார்.

இவ்விடத்தில் அம்ரோஹியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக நமக்கு மனமில்லை. ஒரு காட்சியின் திரைச்சீலை மடிப்புக்காகவும் ஒரு லென்ஸின் மயிரிழைக் குறைக்காகவும் மாதக்கணக்கில் காத்திருந்த அந்தப் பொறுமையை அவருடைய அபிமானிகள் வானளாவப் புகழ்கிறார்கள். சினிமாஸ்கோப் லென்ஸில் இருந்த நுண்ணிய பிசகை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்றும், அதை வாடகைக்குத் தந்த அமெரிக்கக் கம்பெனி அதிசயித்து வாடகையையே தள்ளுபடி செய்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. இருக்கட்டும். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்களில் குலாம் முகம்மதுவும் ஒருவர். 1960ஐ ஒட்டிய வருஷங்களிலேயே படம் முடிந்திருக்குமானால், அந்தப் புகழ் உயிரோடிருந்த மனிதரின் கதவைத் தட்டியிருக்கும். அடுத்த படத்தையும் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

அம்ரோஹிக்கு இது உறைக்காமல் இருந்திருக்க முடியாது. ஏனென்றால் அவர் வாழ்வில் இது இரண்டாம் முறை. ‘மஹல்’ படத்துக்கு இசையமைத்து, லதா மங்கேஷ்கரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்த கேம்சந்த் பிரகாஷ், அந்தப் படம் வெளிவந்து ஒரு வருஷம் நிறைவதற்குள், 1950 ஆகஸ்டில் மறைந்தார். அவராவது தம் பாட்டின் வெற்றியைக் கண்டார்.

* * *

1969 மார்ச் 16.

குலாம் முகம்மது இறந்து ஒரு வருஷம் நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில், மீனா குமாரி மீண்டும் ‘பாகீஸா’வின் அரங்கத்துக்குள் நுழைந்தார்.

பிரிந்த தம்பதியை இதற்கு இசைய வைத்தவர்கள் நர்கிஸும் சுனில் தத்தும். கிடப்பில் கிடந்த சுருள்களைப் பார்த்த அவ்விருவரும், இப்படி ஒன்றைப் பாதியில் விடுவது பாவம் என்று இரு தரப்பிலும் எடுத்துரைத்தார்கள். மீனா குமாரிக்கு அப்போது கல்லீரல் பழுதுபட்டிருந்தது. முந்திய வருஷம்தான் லண்டன் வரை சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். நடிப்பதற்குச் சம்பளமாக ஒரே ஒரு பொற்காசு பெற்றுக்கொள்ள அவர் சம்மதித்தார் என்றும், அரங்கத்துக்கு வந்த அன்று கணவர் ஒரு பேடாவை ஊட்டி வரவேற்றார் என்றும் சொல்வார்கள். சமாதானம் படத்தோடு நின்றது. அவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழத் திரும்பவில்லை.

இருபதுகளின் பிராயத்தில் தொடங்கிய வேஷத்தை முப்பத்தைந்தைக் கடந்த, நோயுற்ற ஒரு ஸ்திரீ தொடர வேண்டும். முகம் மாறியிருந்தது. கண்களுக்குக் கீழே களைப்பு படிந்திருந்தது. அதை ஒளியமைப்பாலும் சாமர்த்தியமான கோணங்களாலும் ஓரளவு மறைக்கலாம், அம்ரோஹி மறைத்தார்.

ஆனால் செவிக்கு என்ன செய்வது? அந்தக் கேள்வியை விநியோகஸ்தர்கள் கேட்டார்கள்.

* * *

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1969இல்தான் ‘ஆராதனா’ வெளியாயிற்று. ராஜேஷ் கன்னாவின் புன்னகையும் கிஷோர் குமாரின் குரலும் ஒன்றாகச் சேர்ந்து, கல்லூரி மாணவர்களிலிருந்து வீட்டுப் பெண்கள் வரை எல்லோரையும் மயக்கின. அதற்கு முந்திய இருபது வருஷங்களில் கட்டிய ரசனை மாளிகையின் கதவுகள் ஒரே தட்டில் திறந்துகொண்டன. ராகுல் தேவ் பர்மன் என்ற வாலிபர் கிடாரையும் பாங்கோவையும் மூச்சிரைப்பையும்கூட இசையாக்கிக்கொண்டிருந்தார். ‘பாகீஸா’ முடிவை நெருங்கிய 1971இல், அவருடைய ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’வில் கஞ்சாப் புகைக்கு நடுவே ஒரு பாட்டு கிளம்பி நாட்டையே கிறுகிறுக்க வைக்கப் போகிறது.

இந்தச் சந்தைக்கு, தபேலாவும் சாரங்கியும் சலங்கையும் தவிர வேறு ஆடம்பரம் அறியாத, ஐம்பதுகளின் சாயல் படிந்த முஜ்ராப் பாட்டுகளைக் கொண்டுபோவதா? பணம் போட்டவர்கள் கவலைப்பட்டதில் குற்றம் காண முடியாது. மெட்டுகளை மாற்றுங்கள், காலத்துக்கேற்ற வேறொருவரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்று அம்ரோஹிக்கு யோசனை சொல்லப்பட்டது. அது நடக்காத காரியமுமன்று. அவருடைய சொந்தக் கம்பெனியான மஹல் பிக்சர்ஸ் 1960இல் எடுத்த ‘தில் அப்னா அவுர் ப்ரீத் பராயி’ படத்துக்குச் சங்கர்–ஜெய்கிஷன் இசையமைத்து, அது அமோகமாக ஓடியிருந்தது. ஆளனுப்பினால் வரக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள்.

கமால் அம்ரோஹியின் பதில் ஒரே வாக்கியம் என்பர். குலாம் முகம்மது உயிரோடிருந்தால் அவரிடமே பேசி மாற்றியிருப்பேன், இறந்துபோன மனிதருக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்பது அதன் சாரம்.

பதினைந்து வருஷ வரலாற்றில் இந்தப் படத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்த கணம் எது என்று கேட்டால், மீனா குமாரி திரும்பி வந்த நாளைவிட இந்த மறுப்பையே நாம் சுட்டிக்காட்டுவோம்.

அதை விசுவாசம் என்று மட்டும் சொல்லி மாலை போடுவதற்கும் நாம் தயாராயில்லை. அம்ரோஹியின் சங்கற்பத்தில் விசுவாசமும் இருந்தது, குற்ற உணர்ச்சியும் இருந்திருக்கக்கூடும், சுத்தமான வியாபார நிர்ப்பந்தமும் இருந்தது. முஜ்ராக் காட்சிகள் பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கேற்ப உதடசைத்து, அதன் தாளத்துக்கே அடிவைத்து எடுக்கப்பட்டவை. ‘இன்ஹீ லோகோனே’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை படமாகி, பிறகு வர்ணத்தில் மறுமுறையும் படமான காட்சி அது. முன்னால் சிவப்புப் பாவாடையில் மீனா குமாரி ஆட, பின்னால் கடைத்தெரு நெடுகிலும் மாடத்துக்கு மாடம் வேறு நாட்டியக்காரிகள் தத்தம் விருந்தினருக்கு ஆடிக்கொண்டிருப்பதை சினிமாஸ்கோப்பின் அகலம் முழுவதும் பரப்பிக் காட்டியிருப்பார்கள். பாட்டை மாற்றினால் அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். அந்தச் சட்டங்களை அமைத்த விர்ஷிங்கோ இப்போது இல்லை.

ஆயினும் வேறொரு காரணம் இருக்கிறது. அது அம்ரோஹியின் வாயில் வந்ததோ இல்லையோ, படத்தைப் பார்ப்பவர் காதில் விழுகிறது.

* * *

‘பாகீஸா’வின் கதை புதிதன்று. கோட்டா என்று வடநாட்டார் சொல்லும் நாட்டியக்காரிகளின் இல்லத்தில் வளர்ந்த ஒருத்தி, ரயிலில் உறங்கிக்கொண்டிருக்கும்போது முன்பின் அறியாத ஒருவன் அவள் பாதங்களின் அழகை வியந்து ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டுப் போகிறான். மற்ற மனிதரெல்லாம் அவள் பாதத்தைத் தரையில் தாளமிடும் கருவியாகவே கண்டிருக்க, தரையில் படலாகாத பாதம் என்று ஒருவன் எழுதியதே அவள் உள்ளத்தில் விஷம்போல ஏறிவிடுகிறது. அன்றுமுதல் இரவுதோறும் அந்த ரயிலின் ஊதலுக்காக அவள் காது தவமிருக்கிறது.

இதை வசனத்தால் சொன்னால் நாலு நாளில் மறந்துபோகும். குலாம் முகம்மது அதைச் சங்கீதத்தால் சொன்னார். கைஃபி ஆஸ்மி எழுதிய ‘சல்தே சல்தே’ என்ற பாட்டு, போகிற வழியில் யாரோ எதிர்ப்பட்டார் என்ற ஒற்றை நினைவைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தீபங்கள் எரியும் கூடத்தில், விலை கொடுத்த ஒரு கனவான் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டு முடியும் தறுவாயில், வாத்தியங்கள் ஓய்வதற்கும் இரவு தொடங்குவதற்கும் இடையில், தூரத்தில் ரயில் ஊதுகிறது. பாட்டு யாருக்கென்பது அவளுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிகிறது; பணம் கொடுத்தவருக்கு மட்டும் தெரியவில்லை. ரயிலின் ஊதலை ஒரு ஸ்வரம்போல் கையாண்ட இந்த இடத்துக்கு இணையாகச் சொல்ல ஹிந்திப் படங்களில் எனக்கு அதிகம் அகப்படவில்லை.

‘இன்ஹீ லோகோனே’ யமன் ராகத்தின் சாயலில் நடப்பது. நம்மவர் கல்யாணி என்று கொண்டாடுவதற்கு உறவான அந்த ராகத்தை, மாலைக் கச்சேரியின் கம்பீரத்திலிருந்து இறக்கி, தெருவில் மானத்தைப் பறிகொடுத்தவளின் கேலியும் கண்ணீருமாகப் பேச வைத்திருக்கிறார் குலாம் முகம்மது. ‘டாடே ரஹியோ’வில் மாண்டு ராகம். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக அதைக் கேட்டுப் பழகிய நமக்கு, அதன் சொந்த ஊர் ராஜஸ்தானத்து மணல் என்பது மறந்துபோயிருக்கும். பிகானீர்க்காரர் மறக்கவில்லை. அந்தப் பாட்டில் தபேலாவை மட்டும் தனியே கவனித்துக் கேளுங்கள். தாளக்காரராகவே வாழ்வைத் தொடங்கிய ஒருவரின் கை அதில் தெரியும்.

இவை 1958இல் வெளிவந்திருந்தால் சிறந்த பாட்டுகள் என்று பெயரெடுத்திருக்கும், அவ்வளவே. பல நல்ல பாட்டுகளுக்கு நடுவே அவையும் நின்றிருக்கும். 1972இல் வந்தபோதோ, மறைந்துபோன ஒரு லக்னோவை, நவாபுகளின் நடுக்கூடத்தை, அத்தரும் வெற்றிலையும் மணக்கும் நாகரிகத்தை நினைவூட்டும் கதைக்கு, தாமே மறைந்துபோன ஒரு சங்கீத காலத்தின் குரலாக அவை அமைந்துவிட்டன. கதை பழமையைப் பற்றிப் பேசிற்று. பாட்டு பழமையாகவே இருந்தது. குலாம் முகம்மதுவைக் கொன்ற தாமதமே அவர் இசைக்கு அந்த ஆழத்தைக் கொடுத்தது என்பது கசப்பான உண்மை. விநியோகஸ்தர்களின் யோசனை ஏற்கப்பட்டிருந்தால் இந்தப் பொருத்தம் குலைந்திருக்கும்.

* * *

மெட்டுகள் நிலைத்தன. ஆனால் பின்னணி இசை?

பாட்டுகளைத் தவிர்த்த மற்ற இடங்களுக்கு, அதாவது மௌனத்துக்கும் நடைக்கும் பெருமூச்சுக்கும், இசை சேர்க்கும் பணி இன்னும் நடக்கவில்லை. அதைச் செய்ய வேண்டியவர் மண்ணில் கலந்து வருஷங்களாயின. அம்ரோஹி நௌஷாதை அணுகினார்.

இந்த நிலையின் விசேஷத்தை வாசகர் ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டுகிறேன். ‘ரத்தன்’, ‘பைஜு பாவ்ரா’, ‘மதர் இந்தியா’, ‘மொகலே ஆஸம்’ ஆகிய படங்களின் இசை மேதை. ஹிந்தித் திரையிசையில் சாஸ்திரீய சங்கீதத்தின் கொடியைப் பறக்கவிட்டவர். அவரிடம், உம்முடைய பழைய உதவியாளர் விட்டுச்சென்ற வேலையை முடித்துக் கொடும் என்று கேட்கிறார்கள். முகப்பில் இசை என்ற இடத்தில் குலாம் முகம்மதுவின் பெயர்தான் வரும். பின்னணி இசை என்று வேறிடத்தில் இவர் பெயர் வரும்.

நௌஷாத் ஏற்றுக்கொண்டார்.

ஏற்றதோடு நில்லாமல், தம் கைவண்ணத்தை எங்கே காட்டலாம், எங்கே அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற விவேகத்தோடும் நடந்துகொண்டார். கோட்டாவில் பாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுத்த மாடத்திலிருந்தோ எதிர்வீட்டிலிருந்தோ யாரோ ஒருத்தி தும்ரி பாடுவது காற்றில் மிதந்து வரும். முழுப் பாட்டாக அன்று. ஒரு துண்டு, ஒரு இழுப்பு, ஒரு ஏக்கம். அந்தத் தெருவில் கதாநாயகியைப்போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அந்தத் துண்டுகள் நமக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. அவற்றுக்குப் பழைய தலைமுறையின் ராஜகுமாரியையும், இளம் வித்வாம்சினி பர்வீன் சுல்தானாவையும் நௌஷாத் பாட வைத்தார்.

இன்னொரு குரலையும் சொல்ல வேண்டும். வேலூரில் பிறந்து, கர்நாடக இசையில் வளர்ந்து, பம்பாயில் ஹிந்துஸ்தானியும் கற்று, 1971இல் ‘குட்டி’ படத்தின் பாட்டால் நாடறிந்த வாணி ஜெயராம் ‘பாகீஸா’வுக்காக ஒரு தும்ரி பாடியிருக்கிறார். தமிழ் ரசிகர்கள் பலரும் இதை அறியார்கள். படத்தில் அது முன்னே வந்து நிற்பதில்லை என்பதே காரணம்.

நௌஷாத் சேர்த்தது எது, குலாம் முகம்மது விட்டுச்சென்றது எது என்று தேர்ந்த ரசிகர் மட்டுமே பிரித்தறியக்கூடும். லதாவின் குரல் ஓயும் இடத்தில் பின்னணி இசை எழும்போது தையல் தெரிவதில்லை. பல வருஷங்கள் ஒரே கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அல்லவா! இந்த இசைக்கு உலகம் என்ன பரிசு கொடுத்தது, அதைப் பார்த்துச் சகியாத ஒரு நடிகர் தமக்கு வந்த விருதை என்ன செய்தார் என்பதைப் பின்னொரு வாரம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

* * *

எஞ்சியது கடைசி நாட்டியம்.

காதலனின் விவாகத்துக்கு ஆட வந்த கதாநாயகி, உடைந்த கண்ணாடித் துண்டுகள் சிதறிய விரிப்பின்மீது இரத்தம் பெருக ஆடும் காட்சி அது. கைஃப் போபாலி எழுதிய அந்தப் பாட்டுக்குச் சுழன்றாடும் வலிமை மீனா குமாரியின் உடலில் மிச்சமில்லை. முகத்திரைக்குள் பத்மா கன்னா என்ற நாட்டியக்காரி அவருக்குப் பதிலாக ஆடினார்; முகம் தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் மீனா குமாரி. பாதங்களைப் பற்றி எழுதிய ஒரு சீட்டில் தொடங்கிய கதை, கதாநாயகியுடையதல்லாத பாதங்களில் முடிந்தது.

1972 பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை. பம்பாய் மராத்தா மந்திர்க் கொட்டகையில் ‘பாகீஸா’ திரையிடப்பட்டது. மீனா குமாரி வந்திருந்தார். பதினைந்து வருஷங்களுக்கு மேலாக ஒரு தாம்பத்தியத்தையும் இரண்டு கலைஞர்களின் ஆயுளையும் விழுங்கிய சுருள்கள் முதன்முறையாகப் பொதுஜனத்தின் முன்னே ஓடின.

பத்திரிகை விமர்சகர்களில் பலர் உற்சாகம் காட்டவில்லை. கதை பழசு, நடை மந்தம், இந்தக் காலத்தில் நவாபுகளையும் நாட்டியக்காரிகளையும் யார் பார்ப்பார்கள் என்பதே அபிப்பிராயம். தொடக்கத்தில் வசூலும் அம்ரோஹியின் கடனுக்கு ஈடாகும் என்ற நம்பிக்கையைத் தரவில்லை.

மார்ச் 31, மற்றொரு வெள்ளிக்கிழமை. அது பெரிய வெள்ளியும்கூட. சரியாக எட்டு வாரம். அன்று பம்பாயில் ஒரு மருத்துவ இல்லத்தில் மீனா குமாரி காலமானார். அதன் பிறகு கொட்டகை வாசல்களில் கூடிய கூட்டம் வரலாறாகிவிட்டது.

இறந்துபோன நடிகையைக் கடைசி முறை காண வந்த அனுதாபக் கூட்டமே படத்தைத் தூக்கி நிறுத்தியது என்று ஒரு கட்சி. அதற்கு முன்பே வானொலியிலும் இசைத்தட்டிலும் தேநீர்க் கடைகளிலும் குலாம் முகம்மதுவின் மெட்டுகள் பரவத் தொடங்கிவிட்டன, மரணம் வராவிட்டாலும் படம் ஓடியிருக்கும் என்று மற்றொரு கட்சி. இரு தரப்பாரும் தங்களுக்குச் சாட்சியாகக் காட்டுவது அதே எட்டு வாரங்களைத்தான்.

பிப்ரவரி 4க்கும் மார்ச் 31க்கும் இடையே, அந்தக் கொட்டகைகளில் உண்மையில் நடந்தது என்ன?

(தொடரும்)